லாபானுக்கு வக்காலத்து

பைபிளில் வருகிற லாபானை "மாமா" என்று மரியாதையாகக் கூப்பிட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். போதகர்கள் கூப்பிட்டதில்லை. அவருடைய சொந்த மருமகனே கூப்பிட்டிருப்பானா என்பது சந்தேகம். ஆனால் அன்னூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி கோயமுத்தூருக்கு வந்து, எங்கள் வாசகர் வட்டத்தில் முதல் வரிசையில் உட்காரும் 'என்னமுறை' கூப்பிட்டார். கூப்பிட்டதோடு நிற்காமல் அவருக்காகச் சண்டையும் போட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. புது மனிதர் யாரைப் பார்த்தாலும் எந்த ஊர், யார் வீடு, அம்மா எங்கே பிறந்தவர் என்று ஆரம்பித்து, "அப்படின்னா நமக்கு என்ன முறைங்க?" என்பதில் வந்து நிற்பார். எதிரில் இருப்பவர் மாமனா மச்சானா பங்காளியா என்று தெரியாமல் அவரிடம் மணி கேட்பதற்குக்கூட இவருக்குக் கூச்சம்.

ஒருமுறை ஹெல்மெட் போடாமல் போனார் என்று போலீஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்தார். என்னமுறை லைசென்ஸை எடுப்பதற்கு முன்னால் ஊரை விசாரித்தார். இவருடைய பெரியம்மாவின் நாத்தனாரும் அவருடைய சித்தியும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் என்று தெரிந்தது. போலீஸ்காரர் அபராதத்தைப் போட்டார். அடுத்த வாரம் இவர் வீட்டுக் கிடாவிருந்துக்கும் வந்தார். இன்னொரு முறை பல் பிடுங்கப் போய், வாயில் மரத்துப்போகும் ஊசியைப் போட்ட பிறகு டாக்டரின் ஊர் கருமத்தம்பட்டி என்று காதில் விழுந்திருக்கிறது. பாதி மரத்த நாக்கோடு அவர் முறை விசாரித்ததில் டாக்டர் பயந்துபோய், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் திருநெல்வேலிக்காரி. இன்சூரன்ஸ் ஆபீஸ் மாற்றலில் இந்த ஊருக்கு வந்து, இங்கேயே ஓய்வும் பெற்று, மூட்டுவலியோடு தங்கிவிட்டவள். என்னைப் பார்த்ததும் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. எந்தப் பக்கம் போனாலும் உறவு கிட்டவில்லை.

"உங்க தாத்தா காளை வாங்க காங்கேயம் பக்கம் வந்திருப்பாருங்களா?"

"அவர் தபால்காரர்."

"இந்தப் பக்கம் தபால் குடுக்க வந்திருப்பாருங்களா?"

இப்படிச் சில வாரங்கள் போயின. கடைசியில் களைத்துப்போய், "சரிங்க, அக்கான்னே வச்சுக்கறனுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் என் பெயரைக் கேட்டார்.

வாசகர் வட்டம் கூடுவது பம்பு பாயின் கடை மாடியில். பாய் ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் பம்புசெட் கடை வைத்திருக்கிறார். கீழே மோட்டார், மேலே இலக்கியம். நாற்காலி கிடைக்காதவர்கள் மோட்டார் வந்த அட்டைப்பெட்டிமேல் உட்காருவார்கள். மாதம் ஒரு நாவல். இதில் என்னமுறையின் வாசிப்பு தனி ரகம். கதையில் ஆள் வந்ததும் அவர் யாருக்கு என்ன வேண்டும் என்று முடிவாகத் தெரிய வேண்டும். ஒரு துப்பறியும் நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டார். கேட்டதற்கு, "கொன்னது சரிங்க. செத்தவருக்கும் கொன்னவருக்கும் என்ன முறைன்னே சொல்லலீங்களே. எளவுக்கு யாரு வருவாங்க?" என்றார்.

இந்த நிலைமையில்தான் அந்த நாவல் வந்து சேர்ந்தது. தலைப்பு வேண்டாம். எழுதியவர் நல்ல மனிதர், பிள்ளைகுட்டிக்காரர். பைபிளில் சில பக்கங்களில் முடிந்துபோகிற யாக்கோபின் குடும்பக் கதையை எடுத்துச் செங்கல் தடிமனுக்கு எழுதியிருந்தார். வட்டத்துக்கு நேரில் வந்து பேசவும் ஒப்புக்கொண்டிருந்ததால் தப்பிக்க வழியில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். யாக்கோபு அண்ணனை ஏமாற்றிவிட்டு, ஆரான் என்ற ஊரில் இருந்த, அம்மாவோடு கூடப்பிறந்த லாபான் வீட்டுக்கு ஓடிப்போகிறான். லாபானுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் லேயாள், இளையவள் ராகேல். இளையவள்மேல் ஆசைப்பட்டு ஏழு வருஷம் மாமன் வீட்டில் ஆடு மேய்க்கிறான் யாக்கோபு. கல்யாணம் நடக்கிறது. விடிந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பவள் மூத்தவள். என்ன அநியாயம் இது என்று கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்கிறார் லாபான். இன்னும் ஏழு வருஷம் மேய்த்தால் இளையவளும் உண்டு என்று பேரம் முடிகிறது.

இவ்வளவு சம்பவம் உள்ள கதையை ஒருவரால் இப்படித் தூங்கவைக்க முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. நூறு பக்கத்துக்கு மணல். பிறகு காற்று. பிறகு காற்றில் மணல். யாக்கோபு கிணற்றடிக்கு வந்து நின்று, காலம் என்றால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தான். நான் சாம்பார் தாளித்துவிட்டு வந்து பார்த்தேன், நின்றுகொண்டிருந்தான். துணி உலர்த்திவிட்டு வந்தேன், அங்கேயே நின்றான். அவனைச் சுமந்து வந்த ஒட்டகம் தன் மனதில் நினைப்பதே நாலு பக்கம். தினமும் மத்தியானம் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்தபடி தூங்கி, நெஞ்சுவலி என்று பயந்து எழுந்தேன். பாய் என்னைவிடக் கெட்டிக்காரர். முப்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கடையில் காற்றுக்குப் பறக்கும் பில்களின்மேல் அதைப் பாரமாக வைத்துக்கொண்டார்.

"நெம்ப உபயோகமான புஸ்தகமுங்க அக்கா" என்றார்.

வட்டத்தில் முழுக்கப் படித்து முடித்தவர் என்னமுறை ஒருவர்தான். அடுத்த ஞாயிறு வேர்க்க விறுவிறுக்க மாடிப்படி ஏறி வந்தார். முகத்தில் பெரிய சந்தோஷம்.

"அக்கா, இது நம்மூருக் கதைங்க! லாபான் வேற ஆருமில்லீங்க, தாய்மாமன்! அந்தப் பையன் மாமன் ஊட்டுக்குப் போயி மாமன் பொண்ணக் கேக்கறான். முறைப்பொண்ணுங்க! எழுதுனவரு இதச் சொல்லாம மணல் மணல்னு என்னென்னமோ எழுதிப்போட்டாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது நிஜம். எழுதியவர் மூட்டை மூட்டையாக ஆராய்ச்சி செய்து எங்கோ தூரத்துப் பாலைவனத்துக்கு அனுப்பிவைத்த குடும்பத்தை, இந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் அன்னூர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். அந்த ஒரு நாள் மட்டும் அந்த நாவல்மேல் எனக்குக் கொஞ்சம் ஆசை வந்தது. வீட்டுக்குப் போய்த் திறந்தேன். யாக்கோபு கிணற்றடியிலேயேதான் நின்றான்.

ஆசிரியர் வருவதற்கு முந்தின வாரம் நாங்களே கூடிப் பேசினோம். யாரும் சரியாகப் படிக்காததால் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது. லாபான் ஒரு ஃபிராடு. அப்போது என்னமுறை எழுந்தார்.

"லாபான் மாமா மேல என்னங்க தப்பு?"

"ஏனுங்க, பொண்ண மாத்திக் குடுத்துப்போட்டாருங்களே" என்றார் பாய்.

"மாத்துனது தப்புதானுங்க. அத நான் இல்லைங்கலீங்க. ஆனா அவரு இடத்துல இருந்து பாருங்க. மூத்தவள ஊட்டுல வச்சுக்கிட்டு இளையவளுக்கு எப்படிங்க முடிக்கறது? நாளைக்கு மூத்தவள ஆரு கேட்டு வருவாங்க? அவளுக்கு என்னமோ கொறைன்னுதானுங்க பேசுவாங்க? பெத்தவனுக்குத்தானுங்க தெரியும் அந்தக் கஷ்டம்."

"அதுக்குன்னு ஏமாத்தலாமுங்களா?"

"உனக்கு என்ன தெரியும்? பொண்ணப் பெத்து வச்சிருக்கியா?"

என்னமுறை வாயிலிருந்து 'நீ' வந்துவிட்டது. பாலில் தண்ணீர் கலந்து விற்றவனைக்கூட "ஏனுங்க, இப்படிப் பண்ணலாமுங்களா" என்று கேட்கிறவர் அவர். நாயை விரட்டினாலும் "அக்கட்டால போங்க" என்பார். பாய் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என்னமுறைக்கே தன் வார்த்தை காதில் விழுந்திருக்க வேண்டும். "மன்னிச்சுப்போடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று அவர் டீ குடிக்கவில்லை.

கடை சாத்தும்போது பாய் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். என்னமுறைக்கும் இரண்டு பெண்கள். மூத்தவள் மாட்டு டாக்டர். கன்று போடும் மாட்டைத் தேடி கிராமம் கிராமமாக ஸ்கூட்டரில் போகிறவள். இவர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பல வருஷமாக அலைகிறார், எதுவும் அமையவில்லை. இளையவள் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். கூடப் படித்த பொள்ளாச்சிப் பையனும் அவளும் பேசி முடிவு செய்து, பையன் வீட்டார் முறையாக வந்து பெண்ணும் கேட்டாகிவிட்டது. தென்னந்தோப்பு உள்ள நல்ல குடும்பம். இரண்டு வீட்டுக்கும் மோட்டார் போட்டவர் பாய்தான்.

"பெரியவளுக்கு முடியட்டுங்கன்னே இவரு சொல்லிக்கிட்டு இருக்காருங்க. அவங்களும் காத்துக் காத்துப் பாத்தாங்க. இனி வைகாசிக்குள்ள ஆகலைன்னா வேற எடம் பாக்கறோம்னு சொல்லிப்போட்டாங்க. சின்னப்பொண்ணு சாப்பாடே எறங்காம கெடக்குதாமுங்க."

"இவர் என்ன சொன்னாராம்?"

பாய் ஷட்டரைப் பாதியில் பிடித்தபடி தயங்கினார். "அப்ப அந்தப் பையனுக்குப் பெரியவளயே பாருங்களேன்னு மாப்பிள்ளை ஊட்டுலயே கேட்டுப்போட்டாருங்க அக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது ஒரு பெரிய அலுப்பு. எத்தனை வீடுகளில், எத்தனை வருஷமாக இதே கதை! இன்சூரன்ஸ் ஆபீசில் என் பக்கத்து மேஜையில் இருந்தவளுக்கும் இப்படித்தான் ஆயிற்று. அக்காவுக்குக் காத்திருந்து காத்திருந்து அவளுக்கும் தலை நரைத்தது. லாபான் செத்து எத்தனையோ காலமாகியும் இந்த வழக்கத்துக்கு மட்டும் சாவு வரவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது.

ஆசிரியர் வந்த ஞாயிறு நல்ல வெயில். சென்னையிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. எங்கள் வட்டத்தின் மரியாதை அவருக்குத் தெரியாது. ஒருவர் எழுந்து, அட்டை ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். இன்னொருவர், எழுத்து பெரிதாக இருப்பதால் கண்ணுக்கு நோவு இல்லை என்றார். நான் காகிதத்தைப் புகழ்ந்தேன். பாய், "எங்க கடையில தினமும் கையில எடுக்கற புஸ்தகமுங்க" என்றார். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆசிரியர் நெகிழ்ந்துபோய் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

என்னமுறை அன்று தனியாக வரவில்லை. பஸ் ஸ்ட்ரைக் என்பதால் மூத்த மகள் ஸ்கூட்டரில் கூட்டி வந்திருந்தாள். கடைசி வரிசையில், ஒரு அட்டைப்பெட்டியின்மேல், வெயிலில் கறுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். யாருக்காவது கேள்வி உண்டா என்று பாய் கேட்டபோது கையைத் தூக்கினாள்.

"சார், நான் முழுசாப் படிச்சனுங்க. மாடு கன்னு போடறதுக்குக் காத்திருக்கறப்ப நேரம் நெறைய கெடைக்குமுங்க. ஒரு சந்தேகம். லேயாளுக்குக் கல்யாணத்துல இஷ்டமான்னு யாராச்சும் அவளக் கேட்டாங்களா?"

ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு, லேயாளின் மௌனம் ஒரு குறியீடு என்று தொடங்கினார். அது நிலத்தின் மௌனம், வரலாற்றின் மௌனம் என்று போய்க்கொண்டே இருந்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அது இல்லீங்க சார். யாராச்சும் கேட்டாங்களா? அவ அப்பா? அந்தப் பையன்? இத்தனை பக்கத்துல ஒரு வரி? ஒட்டகம் என்ன நெனைக்குதுன்னே நாலு பக்கம் வருதுங்களே."

ஆசிரியர் கண்ணைத் திறந்தார். புத்தகத்தைப் புரட்டப் போய், நிறுத்திக்கொண்டார். "இல்லம்மா" என்றார். "எனக்கு அது தோணவே இல்ல." அந்த நாவலைப் பற்றி அந்த மாடியில் அன்று சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். நல்ல மனிதர் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

முன்வரிசையில் இருந்து என்னமுறை திரும்பினார். வக்காலத்து வாங்கிப் பழகிவிட்ட வாய். "அதெல்லாம் பெத்தவங்களுக்குத் தெரியாதுங்களா கண்ணு?" என்றார்.

"தெரியாதுங்கப்பா" என்றாள் அவள்.

பாய் அவசரமாக நன்றியுரை சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

பாய் கடை மாடிப்படி ஒரு ஆள் இறங்கும் அகலம்தான். முன்னால் அவள் இறங்கினாள். பின்னால் என்னமுறை, அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ரயிலுக்கு நேரமாகிவிட்ட ஆசிரியர், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாய். பாதிப் படியில் என்னமுறை நின்றுவிட்டார். நாங்கள் அத்தனை பேரும் நின்றோம்.

"கண்ணு" என்றார். "உனக்கு வேண்டாமா?"

அவள் கீழ்ப்படியில் இருந்து நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாங்கப்பா."

"வந்த மாப்பிள்ளைக வேண்டாமா, கல்யாணமே வேண்டாமா?"

"கல்யாணமே வேண்டாங்கப்பா. எத்தனையோ தடவை சொல்லிப்போட்டேன். நீங்க ஒவ்வொரு தடவையும் வேற மாப்பிள்ளை பாக்கப் போயிட்டீங்க. எனக்கு அலுத்துப்போச்சுங்கப்பா."

"எனக்கும்தான் கண்ணு" என்றார் அவர்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிலேயே உட்கார்ந்தார். நின்று நின்று என் முழங்கால் கெஞ்சியது. ஆனால் அவரைத் தாண்டிப் போக முடியாது, போகவும் மனமில்லை. ஆசிரியர் என் தோளுக்கு மேலாகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

"சின்னவளுக்குப் பண்ணிப்போட்டா, ஊருல பேசுவாங்க கண்ணு. உன்னையத்தான் பேசுவாங்க."

"இப்பவும் பேசிக்கிட்டுத்தானுங்கப்பா இருக்காங்க. அதுக்காக அவ எதுக்குங்க அழுகணும்?"

அவர் தோள்பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பாமலே, "பாய், அந்தப் பொள்ளாச்சிக்காரரு நம்பரு உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்றார். பாய் பெட்டியை ஆசிரியர் தலையில் இடித்துவிடாமல் சமாளித்து, ஒரு கையால் போனை எடுத்து, அங்கேயே அழைத்துக் கொடுத்தார். என்னமுறை படியில் உட்கார்ந்தபடியே பேசினார். "வைகாசியிலயே வச்சுக்கலாமுங்க. ஆமாங்க, சின்னவளுக்குத்தானுங்க. பெரியவகிட்ட கேட்டுட்டனுங்க." ஆசிரியருக்கு ரயில் போய்விட்டது. அன்று ராத்திரி அவர் பாய் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மறுநாள் கிளம்பினார்.

அந்த வைகாசியில் அன்னூர் மண்டபத்தில் கல்யாணம். வாசலில் நின்று வரவேற்ற என்னமுறையிடம், வந்த உறவு ஒவ்வொன்றும் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டது.

"ஏனுங்க, மூத்தவ இருக்க இளையவளுக்குப் பண்றீங்க?"

"மூத்தவளுக்குத்தான் மொதல்லன்னு லாபான் மாமா செஞ்சு பட்டுப்போட்டாருங்க. நமக்கு வேண்டாமுங்க."

"லாபானா? எந்த ஊருங்க?"

"ஆரானுங்க."

"தாராபுரத்துக்கு அக்கட்டாலயா?"

"இன்னும் தள்ளிப் போவோணுமுங்க" என்று சொல்லி அவர்களை உள்ளே அனுப்பினார்.

மூத்தவள் முகூர்த்தத்துக்கு இருந்துவிட்டு, உடனே ஒரு மாட்டுக்குப் பிரசவம் என்று ஸ்கூட்டரில் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பந்தி முடிகிற நேரம். பட்டுப்புடவையின் ஓரத்தில் சாணிக்கறை. தனியாக ஒரு இலை முன் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், கூடத்தின் அந்தக் கோடியில் இருந்து ஒரு அத்தை, இந்தக் கோடியில் இருந்து ஒரு பெரியம்மா, முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு அவளை நோக்கிக் கிளம்பினார்கள். என்ன பேசப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு.

அவர்களுக்கு முன்னால் என்னமுறை போய்விட்டார். பரிமாறுகிறவர் கையில் இருந்த ரசவாளியை வாங்கிக்கொண்டு, மகளுடைய இலைக்கு எதிரில் நின்றார். அத்தை வந்தார். "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றார் இவர். பெரியம்மா வந்தார். "நீங்க சாப்பிட்டாச்சுங்களா? அங்க பாயாசம் குடுக்கறாங்க, போங்க." வாளியோடு நிற்கிற மனிதரைச் சுற்றிக்கொண்டு யாரும் அவளிடம் போய்ச் சேர முடியவில்லை. அவள் பசியோடு வந்திருந்தாள், தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

மேடையில் இருந்து போட்டோக்காரர் ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை பெண்ணோடு அப்பா நிற்க வேண்டுமாம், எல்லோரும் காத்திருக்கிறார்களாம்.

"சித்த இருக்கச் சொல்லுங்க" என்றார் என்னமுறை. "பெரியவ இன்னும் மோர்சோறு சாப்பிடலீங்க."

அவள் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகும்வரை அவர் நகரவில்லை. ரசம் எப்போதோ தீர்ந்திருந்தது. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.